பேய்க்கும் பிள்ளை உண்டு

ஆனி மாதப் பௌர்ணமியன்று காரைக்காலில் மாம்பழம் மழையாகப் பெய்யும். பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். பழம் கையில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி வருகிற பெண்கள் நிறைய. புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டுத்துணி போலக் கிடக்கும் இந்தச் சிறு நிலத்தின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர் ஒரு பெண். விழா அவருக்கானது.

அந்தப் பெண் எழுதியவை என நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள். அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலுமாக 22. இந்த 143 பாடல்களில் மாங்கனிக் கதை இல்லை. பயந்து ஓடிய கணவன் இல்லை, அவன் ஏறிப்போன கப்பல் இல்லை, புனிதவதி என்ற பெயரே இல்லை. பாடல்களை முடிக்கும் இடத்தில் அவர் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் ஒன்றுதான்: காரைக்கால் பேய். ஊர்ப்பெயரை முன்னால் போட்டு, பின்னால் ‘பேய்’ என்று கையெழுத்து.

இந்தப் பேய் ஓர் ஊரைக் கட்டியது. அந்த ஊரைப் பற்றித்தான் பேச வேண்டும். பக்தி இலக்கிய வரலாறுகள் அம்மையாரை அந்தாதியின் முன்னோடி என்றும், பதிகம் என்ற வடிவத்துக்கு வழி திறந்தவர் என்றும் சொல்லும். மூவர் தேவாரத்துக்கு முந்தியது என்பதால்தான் அவருடைய பதிகத்துக்கு ‘மூத்த’ என்று அடைமொழி. காலம் பொதுவாக 5, 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் திருவாலங்காட்டுப் பதிகங்களில் அவர் செய்திருப்பது இன்னொன்று: இல்லாத ஓர் உலகத்தை, அதன் மரம், மிருகம், இரவு, இசை, சாப்பாடு, சண்டை, குழந்தை வளர்ப்பு உட்பட முழுதாக எழுப்பி நிறுத்தியிருக்கிறார். இன்று மிகுபுனைவும் அறிவியல் புனைவும் எழுதுகிறவர்கள் பெரும்பாடு பட்டுச் செய்யும் வேலை இது. அதைச் செய்தவரை நாம் ஏன் படைப்பாளி என்று எண்ணாமல் அனுபவஸ்தர் என்றே எண்ணிவந்தோம் என்பதுதான் எனக்குள்ள கேள்வி. (பக்தியைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்தர் ஒருவர் கைதேர்ந்த புனைவாளராகவும் இருக்கலாம்.)

முதலில் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். இடம் சுடுகாடு. எட்டி, இலவம், ஈகை, சூரை, காரை என்று வறண்ட காட்டு மரஞ்செடிகள் படர்ந்திருக்கின்றன. ஊரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே ‘காரை’ என்ற சொல் இந்த முட்புதர்ப் பட்டியலில் வருவது எனக்கு எப்போதும் ஒரு சின்ன மகிழ்ச்சி. கள்ளியின் அடியில் ஈமத்தீ எரிகிறது. நேரம் நள்ளிரவு. வாகை மரத்தில் முற்றி வெளுத்த நெற்றுகள் காற்றில் கலகலக்கின்றன. கூகையும் ஆண்டலையும் குரல் கொடுக்க, ஆந்தை கிளையில் குதித்து ஓடுகிறது. அரசலாறு கடலில் கலக்கும் வயற்காட்டு ஊர்க்காரர் ஒருவர், தொண்டை நாட்டின் திருவாலங்காட்டை இவ்வளவு கூர்மையாக, ஒலி முதற்கொண்டு பதிகிறார்.

இப்போது குடிமக்கள். ஒரு பேய் கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்து முடிந்த கொள்ளியை எடுத்து மசித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. சிரிக்கிறது. எதையோ கண்டு வெருள்கிறது, துள்ளுகிறது. பிணம் எரியும் தீ சுட்டுவிட, கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கப் பார்க்கிறது. வேறோரிடத்தில் குழியில் இட்டிருந்த சோற்றைக் குறுநரி தின்றுவிடுகிறது. நாம் முதலில் பார்க்காமல் போனோமே என்று பேய்களுக்கு ஆத்திரம். கையைத் தட்டிக்கொண்டு ஓடுகின்றன. தண்ணீர் லாரிக்கும் ரேஷன் கடைக்கும் பிந்தி வந்தவர்களின் கோபத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஓட்டம் புரியும்.

இன்னொரு பேய் குழந்தை வளர்க்கிறது. அந்தக் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்திருக்கிறது. அதன் மேலுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. போன தாய் வரக் காணாமல் குழந்தை அழுது அழுது உறங்கிப்போகிறது. இவ்வளவும் ஒரே பாட்டில், இறைவன் ஆடும் அரங்கைச் சொல்ல வந்த பாட்டில், போகிறபோக்கில்.

இந்த உலகத்தை நம்பவைப்பது எது? ஜே.ஆர்.ஆர். டோல்கியன் 1939இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படி எரிகிற உலகத்தை உண்டாக்குவதுதான் உழைப்பைக் கேட்கும் என்ற பொருளில் பேசினார். உள்ளுக்குள் முரண்படாத உலகமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நல்ல விதிதான். ஆனால் தமிழில் இதற்கு அதைவிடப் பழைய, கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்து மறந்த அட்டவணை. ஒரு நிலத்துக்கு இடமும் பொழுதும் வேண்டும். பிறகு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் வேண்டும். அப்புறம்தான் அங்கே வாழ்பவர்களுக்கு நேரும் உணர்வு.

அம்மையாரின் சுடுகாட்டை இந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. தெய்வம் ஆடுகிறவன். உணவு நிணமும் குழிச்சோறும். விலங்கு நரி. மரமும் பறவையும் மேலே பார்த்தோம். தொழில் பிள்ளை வளர்ப்பும் துணங்கைக் கூத்தும். இசைக்கு ஒரு பாட்டே ஒதுக்கியிருக்கிறார். உழை, இளி, விளரி என்று தமிழிசையின் ஏழு நரம்புகளையும் பெயர் சொல்லி, கொக்கரை, தக்கை, மொந்தை, குடமுழா, மத்தளம், வீணை என்று கருவிகளை வரிசையாக அடுக்குகிறார். சுடுகாட்டுக்கு இத்தனை வாத்தியம் தேவையா என்று கேட்கலாம். ஊர் என்றால் தேவை. ஐந்து திணைகளில் அடங்காத ஆறாவது நிலம் ஒன்றை, திணை இலக்கணத்தின் செங்கல்லைக் கொண்டே அவர் கட்டினார் என்று நான் வாசிக்கிறேன். மரங்கள் பாலையை நினைவூட்டுகின்றன. பொழுதோ நள்ளிரவு, தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கொடுத்த யாமம். பிரிவின் நிலத்தில் கூடலின் நேரம். இது தற்செயல் என்றால், மிக நல்ல தற்செயல்.

பேய்மகள் தமிழுக்குப் புதியவள் அல்ல. போர்க்களத்தில் பிணம் தின்று துணங்கை ஆடும் பேய்மகளைத் திருமுருகாற்றுப்படை விரிவாகவே காட்டுகிறது. காய்ந்த மயிர், கோணற்பல், அச்சுறுத்தும் பார்வை எல்லாம் அங்கேயே உண்டு. மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாடு வருகிறது, சக்கரவாளக் கோட்டத்தின் கதையோடு. சார்ங்கலன் என்ற சிறுவன் தெரியாமல் உள்ளே போய்விடுகிறான். பேய் ஆடுவதைக் கண்ட அச்சத்தில் உயிர்போகிறது. தாய் கோதமை அவனைத் தூக்கிக்கொண்டு கதறுகிறாள். மனதை உலுக்கும் இடம் அது. ஆனால் இந்த இரண்டிலும் நாம் வேலிக்கு வெளியே நிற்கிறோம். பேய் நம்மைப் பயமுறுத்த இருக்கிறது, அல்லது ஒரு வீரத்தின் அளவைக் காட்ட இருக்கிறது. அதற்கென்று பொழுதுபோக்கு இல்லை, பசியின் எரிச்சல் இல்லை, வீட்டு வேலை இல்லை.

அம்மையார் வேலியைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பேய்க்கணத்தில் தானும் ஒருத்தி என்று அந்தாதியில் சொல்கிறவர் அவர். அதனால் அவருடைய பேய்கள் நம்மைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு வேலை இருக்கிறது. பயம் குறைந்து ஊர் ஒன்று தெரியவருவது இந்த இடமாற்றத்தால்தான். சார்ங்கலனின் தாய் அழுதது போலவே இங்கே ஒரு பிள்ளை அழுகிறது. ஆனால் சுடுகாட்டுக்கு உள்ளிருந்து, தன் தாயைத் தேடி.

முதல் பாட்டில் பெண்பேயின் உடல் வருகிறது. முலை வற்றியிருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது, கண் குழிந்து, வயிறு ஒட்டி, பல் நீண்டு, கணுக்கால் எலும்பு துருத்தி நிற்கிறது. பெண்ணுடலை வருணிக்கத் தமிழ்க்கவிதை கொண்டிருந்த கேசாதிபாத வாய்ப்பாடு முழுவதையும் தலைகீழாகத் திருப்பிப் போட்ட பாட்டு இது என்று பெண்ணிய வாசிப்புகள் பேசியிருக்கின்றன. அழகின் கடமையிலிருந்து விடுபட்ட உடல், ஆணின் பார்வைக்கு எதையும் தராத உடல் என்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நான்கு பாட்டு தள்ளி வருவதைத் தவறவிடுவோம். அங்கே பேய் பால் கொடுக்கிறது. முலை வற்றிய இனத்தின் உலகில் குழந்தை பசியாறுகிறது. விடுதலை பெற்ற உடல் வேலையிலிருந்து விடுதலை பெறவில்லை. துறவை ஒரே வீச்சில் பாடிவிட்டுப் போகிற ஆண் கவிஞருக்கு, துறந்தபின் குழந்தையின் புழுதியை யார் துடைப்பது என்ற கேள்வி எழுந்திருக்குமா தெரியவில்லை. அம்மையார் அந்தக் கேள்வியையும் சுடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உலகம் இப்படிச் சின்னச் சின்ன வேலைகளால் உறுதிப்பட்ட பிறகுதான் அவர் அளவைப் பெரிதாக்குகிறார். நாடும் நகரமும் திரிந்து நன்னெறி தேடியவர்களும் கடைசியில் இங்கே பிணமாகக் கிடக்கிறார்கள். அவர்களைப் பேய்க்கணம் சூழ்ந்திருக்க, காடும் கடலும் மலையும் மண்ணும் விண்ணும் சுழல அவன் ஆடுகிறான். கண்மையிலிருந்து பிரபஞ்சம் வரை ஒரே பதிகத்துக்குள். மையையும் பாலையும் முதலில் நம்பியதால் சுழலும் விண்ணையும் நம்புகிறோம்.

இதற்குப் பிறகு தமிழில் பேயுலகைப் பெரிய அளவில் கட்டியவர் செயங்கொண்டார். முதற் குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடிய கலிங்கத்துப்பரணியில் காளியின் காடு, காளியின் கோயில், அவளுடைய பேய்ப்படை என்று தனித்தனிப் பகுதிகளே உண்டு. பசித்த பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, போர் முடிந்த களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. கற்பனை வளத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பந்தியைப் பாருங்கள்: பார்ப்பனப் பேய்க்குக் கூழ் வார்க்கிறார்கள், சமணப் பேய்க்கு வார்க்கிறார்கள், புத்தப் பேய்க்கு வார்க்கிறார்கள். நகைச்சுவைக்காகத்தான். இருந்தாலும், ஊரில் இருந்த பிரிவுகளெல்லாம் செத்த பிறகும் பேய்களோடு பந்திக்கு வந்துவிட்டன. அந்தக் கூழ் அரசனின் வெற்றியிலிருந்து கிடைத்தது. கடைசியில் பேய்கள் அவனை வாழ்த்துகின்றன. அம்மையாரின் ஊரில் இன்ன சாதிப் பேய் என்று ஒன்றையும் பிரித்துச் சொல்லவில்லை. வாழ்த்துவதற்கு அரசனும் இல்லை. புனைவுலகு கட்டுகிறவர் எதை உள்ளே கொண்டுவருகிறார், எதை வாசலிலேயே விட்டுவிடுகிறார் என்பதில் அரசியல் இருக்கிறது. இன்று நம் மாணவிகள் எழுதும் மிகுபுனைவுக் கதைகளில்கூட, டிராகன் பறக்கும் வானத்துக்குக் கீழே ராஜாவும் வாரிசுச் சண்டையும் கேள்வியின்றி வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

செயங்கொண்டாருக்கு அடுத்த தலைமுறையில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் வந்தார். அதற்கு முன்பே சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இந்தக் கவிஞரை ஒற்றைச் சொல்லில் ‘பேயார்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றிச் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஒரு வீடு கட்டினார். காரைக்கால் வணிகர் தனதத்தன், மகள் புனிதவதி, நாகப்பட்டினத்து மாப்பிள்ளை பரமதத்தன். கடைக்கு வந்த இரண்டு மாம்பழங்களை அவன் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். ஏன் பழத்தைக் கொடுத்தாள்? சோறு ஆகியிருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. இந்த ஒரு விவரத்துக்காகவே சேக்கிழாரை மெச்ச வேண்டும். அற்புதத்துக்கு அவர் அடுப்படியில் காரணம் வைக்கிறார். கணவன் இன்னொரு பழம் கேட்கிறான், வேண்டியவள் கையில் பழம் வருகிறது, சுவை வேறாக இருக்கிறது, அவன் துருவுகிறான், அஞ்சுகிறான், கப்பல் ஏறிப் பாண்டி நாட்டில் இன்னொரு குடும்பம் அமைக்கிறான், பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். தேடிப்போனவளின் காலில் விழுகிறான். அவள் சதையை உதறிப் பேயுருக் கேட்கிறாள். கைலாயத்துக்குத் தலையால் நடக்கிறாள். கைவிடப்பட்ட பெண்ணின் கதையாக இது இன்றும் நம்மைத் தொடுகிறது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் கவிஞரின் உலகம் இருந்த இடத்தில் கவிஞரின் வீடு வந்துவிட்டது. அதன்பின் திருவாலங்காட்டுப் பாடல்களை வாசிக்கிறவர்கள், கணவன் விட்டுப்போன துயரத்தின் விளைவாகவே அவற்றை வாசிக்கிறார்கள். செயங்கொண்டாரின் பேய்களைப் படித்து அவர் மனைவியோடு என்ன சண்டை என்று யாரும் தேடியதில்லை. ஆண் எழுதினால் கற்பனை, பெண் எழுதினால் வாக்குமூலம். சிமாமந்தா அடிச்சி, கமலா தாஸ் என்று யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய குறைதான் இது. காரைக்காலில் அதற்கு எட்டு நூற்றாண்டுக்கு மேல் வயது. 1973இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் நம்மைக் கரைத்துவிடுகிறது. ஆனால் எலும்பு துருத்திய பேய் அங்கே மதிப்புக்குரிய மூதாட்டியாகிவிட்டது. திரைக்கு அந்த உடல் தாங்காது போலும்.

சிற்பிகளுக்குத் தாங்கியது. கங்கைகொண்ட சோழபுரத்து ஆடவல்லான் சிற்பத்தில் அவர் கையில் தாளத்தோடு, வற்றிய உடலோடு உட்கார்ந்திருக்கிறார். கம்போடியாவில், 10ஆம் நூற்றாண்டின் பந்தெய் ஸ்ரெய் கோயிலில், ஆடும் சிவனின் பக்கத்தில் இருக்கும் மெலிந்த பெண்ணுருவம் அம்மையார்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். சேக்கிழாருக்கு முந்திய கல் அது. மாம்பழக் கதை பெரியபுராணத்தில் ஏறும் முன்பே சுடுகாட்டுப் பேய் கடல் கடந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து உலகம் கட்டிய இன்னொரு பெண்ணும் நம் ஊர்ப் பக்கத்தில்தான் முதலில் அச்சேறினார். வங்காளத்து ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வெளியானது. அதை நடத்தியவர் கமலா சத்தியநாதன். கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் வெளியே. அது மட்டும் இருந்திருந்தால் கேலிக்கதையாகப் போயிருக்கும். வருகிறவளை ரொக்கையா சமையலறைக்குக் கூட்டிப்போகிறார். அங்கே புகை இல்லை, கரி இல்லை. சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்கிக்கொள்கிறார்கள். ஒரு நாளுக்கு இரண்டு மணி நேர வேலை போதும். விறகுப் புகையில் கண் எரிந்தவர்களுக்கே அறிவியலிடம் முதலில் எதைக் கேட்பது என்று தெரியும். அம்மையாரை ரொக்கையா படித்திருக்கத் தேவையில்லை. ஒருவர் கேட்டது சுடுகாட்டின் இரவை, மற்றவர் கேட்டது புகையில்லாப் பகலை. இருவரும் வேலை நடக்கும் இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினார்கள்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு நிர்வாக அளவில் சேர்ந்தது. கொடி இறங்கி இரண்டு ஆண்டுகளில், 1956இல், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அம்மையாரின் பாடல்களைக் காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. இரண்டு நூற்றாண்டு ஆண்டுவிட்டுப் போன நாடு, போகிற நேரத்தில் அந்த ஊர்ப் பேயை வாசித்தது. காரைக்கால் பெண்கள் கல்லூரிகளில் மிகுபுனைவு எழுதப் பழக்கும் வகுப்பு என்றாவது தொடங்கினால், முதல் பாடப்புத்தகம் ஊரிலேயே இருக்கிறது. இருபத்திரண்டு பாட்டுத்தான்.

சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். தலையால் நடந்த ஊர் என்பதால் திருவாலங்காட்டைக் காலால் மிதிக்க அஞ்சி ஞானசம்பந்தர் வெளியே தங்கினார் என்று சேக்கிழார் சொல்வார். அந்த ஊருக்குள் குழந்தை காளி இன்னும் அழுதபடி உறங்குகிறாள். தாய் எங்கே போனாள் என்று பாட்டு சொல்லவில்லை. இரை தேடிப் போயிருக்கலாம், ஆட்டம் பார்க்கப் போயிருக்கலாம். அடுத்த பாட்டில் பருந்தும் கூகையும் நரியும் வந்துவிடுகின்றன.